தெலுக் ஆயர் கல்வெட்டு நூலுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவிலுள்ள தியான் ஹோக் கெங் தாவோயிசக் கோயிலின் எழுத்துப் பொறிப்புகளைத் தமிழாக்கி நூலாக வெளியிடும் நம் பணிக்கு இன்னும் 4,250 வெள்ளி தேவைப்படுகிறது. அச்சகத்தார் சொன்ன விலை இம்மாதம் 30ஆம் தேதி வரைதான் செல்லும்.

கடல் தெய்வமான மாஜுவுக்குச் சீனரில் ஒரு பிரிவினரான ஹொக்கியன் மக்கள் 1839 முதல் 1842 வரை கட்டிய அக்கோயிலின் 1850ஆம் ஆண்டுக் கல்வெட்டு, கோயில் எழுந்த வரலாற்றோடு கொடுத்தவர் பெயர்களையும் தொகைகளையும் தாங்கி நிற்கிறது. வணிகர் டான் டோக் செங் கொடுத்தது 3,074.76 ஸ்பானிய வெள்ளி. காசைக்கூட விடாமல் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். உபயதாரர் பெயரால் குழல்விளக்கின் வெளிச்சத்தையே மறைக்கும் நாம் அதைக் குறைசொல்ல முடியாது. 1906இல் நடந்த திருப்பணிக்கு அடுத்த ஆண்டு சீனப் பேரரசர் குவாங்சூ அருளிய பலகையில் இருப்பவை நான்கே எழுத்துகள்: தென்கடலில் அலை அடங்கியது என்பது அவற்றின் பொருள். கடலைத் தூர்த்துவிட்டதால் இன்று அங்கு அலையைக் காண முடியாது. அன்று கரையே அந்தத் தெருதான். கப்பலிறங்கிய சீனர் அங்கே கைகூப்ப, நம்மவர் சில அடி தள்ளியிருக்கும் நாகூர் தர்காவில் நேர்த்திக்கடன் செலுத்தினர்.

ஹொக்கியன் மக்களின் பூர்வீகமான சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில், சுவான்சோ நகரில், சம்பந்தப் பெருமாள் என்பவர் 1281இல் சிவன் கோயிலுக்குத் தமிழில் கல்வெட்டுப் பொறித்தார்; அதன் அடியில் சீன எழுத்துகளும் உண்டு. “அவர்கள் ஊரில் நாம் தமிழில் எழுதினோம், இங்கே அவர்கள் எழுதியதைத் தமிழில் படிக்க வேண்டாமா?” என்று நம் குழுவின் மூத்தவர் கேட்டதில் பிறந்ததே இம்முயற்சி.

மொழிபெயர்ப்புக்கும் சரிபார்ப்புக்கும் 4,800 வெள்ளி, படங்களுக்கு 1,600, ஐந்நூறு படிகள் அச்சிட 6,200, ஆக மொத்தம் 12,600. சேர்ந்திருப்பது 8,350.

ஓய்வூதியத்திலிருந்து மாதந்தோறும் 50 வெள்ளி தவறாமல் தந்த ஆசிரியைக்கும், சில்லறையாகவே 212 வெள்ளி திரட்டிவந்த தேக்கா காய்கறிக் கடைக்காரர்களுக்கும், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒவ்வோர் எழுத்துக்கும் பொருள் சொல்லிவிட்டு, நீட்டிய உறையை வாங்க மறுத்த சீனப் பெரியவருக்கும் நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. வேற்று மதத்தவர் கோயிலாயிற்றே என்று தயங்குவோர் அப்பெரியவரை நினைத்துக்கொள்ளலாம்.

பொங்கல் விருந்தில் எல்லோர் முன்னிலையிலும் தொகை சொன்ன பதினொருவரின் பணம் இன்னும் வரவில்லை. பெயர்களை இங்கே எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும். கொடுத்தவர்களின் பெயரும் தொகையும் நூலின் கடைசிப் பக்கத்தில், அக்கல்வெட்டில் உள்ளவாறே, காசு உட்பட அச்சாகும். 28ஆம் தேதிக்குள் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
நூலாக்கக் குழுவினர்