பள்ளிக்கூடம் திறந்தாயிற்று ஐயா, பாலம் எப்போது? (கோரிக்கை மனு)

நாள்: 24.06.2019, திங்கள்கிழமை

அனுப்புநர்
பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் மற்றும் மேல்கரை, கீழ்கரைப் பொதுமக்கள்,
ஆர்.சி. தொடக்கப்பள்ளி (அரசு உதவி பெறுவது).

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: கஜா புயலில் உடைந்த வடிகால் வாய்க்கால் சிறுபாலத்தைக் கட்டித்தரக் கோருதல் – நான்காவது மனு – தொடர்பாக.

பார்வை: எங்கள் மனுக்கள், நாள் 10.12.2018, 11.02.2019, 10.06.2019. (மூன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு உள்ளது. பதில் இல்லை.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். குறை சொல்லும் முன் ஒரு நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறோம். இம்மாதம் 3-ஆம் தேதி எங்கள் ஊர் ஆர்.சி. பள்ளிக்கூடம் மறுபடியும் திறந்துவிட்டது. 16.11.2018 அன்று விடியும் முன்னே, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறியபோது ஓடெல்லாம் பறந்து, வடக்குச் சுவர் மணியோடு சேர்ந்து சரிந்த கட்டடம் அது. ஆறரை மாதம் கழித்து அதே மணியை இரும்புக் கம்பத்தில் தொங்கவிட்டு அடித்தபோது, அடுப்பில் வேலையாக இருந்த பெண்கள்கூட வாசலுக்கு வந்து நின்று கேட்டார்கள்.

அன்று காலை திருப்பலி நடந்தது. எங்கள் வட்டாரப் பங்குகளுக்குப் பொறுப்பான மறைவட்ட அதிபர் தந்தை வந்து ஒவ்வொரு வகுப்பறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். மாரியம்மன் கோயில் தெருப் பெண்கள் முதல்நாள் இரவே வந்து வாசல் நிறையக் கோலம் போட்டிருந்தார்கள். பள்ளிவாசல் தெருவிலிருந்து இரண்டு அண்டா நெய்ச்சோறு வந்தது. பெயர்தான் ஆர்.சி. ஸ்கூல், படிப்பது எல்லாத் தெருப் பிள்ளைகளும். ஓட்டுக்கும் சிமெண்டுக்கும் காசு கொடுத்தவர்களில் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர்களும் உண்டு, ஒரு நாள் கூலியை அப்படியே கொண்டுவந்து பங்குச் சாமியார் கையில் வைத்த கொத்தனாரும் உண்டு.

அரசு செய்ததையும் நாங்கள் மறக்கவில்லை. 27 பொருள் அடங்கிய நிவாரணப் பெட்டி வந்தது. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கம்பம் நட்டார்கள். அவர்களுக்கு எங்கள் வீடுகளில் சோறு ஆக்கிப் போட்டோம், அந்த நன்றி இன்னும் இருக்கிறது. ஆகவே எதுவுமே செய்யவில்லை என்று புலம்ப இந்த மனு எழுதவில்லை. ஒன்றே ஒன்று பாக்கி. அதைத்தான் நான்காவது தடவையாகத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறோம்.

1. தாங்கள் அறிந்த இடம்தான். பேருந்து நிற்கும் அரசமரத்திலிருந்து கிழக்கே இறங்கினால் மாதா கோயில், அதைத் தாண்டினால் வடிகால் வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேட்டில் பள்ளிக்கூடம். படிக்கும் 81 பிள்ளைகளில் 58 பேர் மேல்கரைக்காரர்கள், வாய்க்காலைத் தாண்டித்தான் போகவேண்டும்.

2. பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போகவில்லை. கரையில் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாயும்போது, வேர் பிடித்திருந்த கரைச்சுவரையும் சேர்த்துப் பெயர்த்துவிட்டது. மேல்தளம் வாய்க்காலுக்குள் கவிழ்ந்து கிடக்கிறது. இன்றும் கிடக்கிறது. அதன்மேல் கொக்கு உட்கார்ந்திருக்கும்.

3. டிசம்பரில் நாங்கள் முதல் மனுவைக் கொடுத்தபோது ஓர் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்ன பதில்: "பள்ளிக்கூடமே நடக்கவில்லையே, பாலத்தில் யார் போகப்போகிறார்கள்?" அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. பள்ளிக்கூடம் அன்று மேல்கரையில், மாதா கோயிலுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. பீடத்துக்கு முன்னால் சேலையைத் திரையாகக் கட்டிவிட்டு ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில். ஒன்றாம் வகுப்பு 'அ, ஆ' சொல்லும்போது ஐந்தாம் வகுப்பும் சேர்ந்து சொல்லிவிடும். சிஸ்டர் சிரித்துக்கொண்டே திட்டுவார்கள். அப்படியே ஏப்ரல் வரை ஓட்டினோம். பிப்ரவரியில் இரண்டாவது மனு. மார்ச் 10-ஆம் தேதி தேர்தல் அறிவித்தார்கள், நடத்தை விதி என்று திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டமும் நின்றுபோனது. தேர்தல் முடிந்து வந்து கேட்டால், வாய்க்கால் எங்களுடையது, பாதை எங்களுடையதல்ல என்கிறது ஓர் அலுவலகம். பாதை எங்களுடையதுதான், ஆனால் வாய்க்காலில் நாங்கள் கை வைக்கக்கூடாது என்கிறது இன்னொன்று. பாலம் இரண்டும் சேருமிடத்தில்தானே ஐயா இருக்கும்? ஊராட்சித் தலைவரிடம் முறையிடலாம் என்றால் 2016-லிருந்து தலைவரே கிடையாது. தலைவருக்குப் பதிலாகப் பொறுப்பில் இருக்கும் தனி அலுவலர் நல்லவர்தான், ஆனால் அவருக்கு எங்களைப்போல் எத்தனையோ ஊர். அவரைப் பிடிப்பது அமாவாசையன்று நிலாவைத் தேடுவது மாதிரி.

4. இப்போது பிள்ளைகள் எதில் போகிறார்கள் என்றால், ஒரு தென்னைமரத்தில்.

கஜாவில் விழுந்த மரம்தான். சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய் நிவாரணமும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு கொடுத்தது. ஊரில் எல்லோரும் அகற்றினார்கள். வாய்க்காலின் குறுக்கே கிடந்த இந்த ஒன்றை மட்டும் அகற்ற வேண்டாம் என்று நாங்கள்தான் உரியவரிடம் கேட்டுக்கொண்டோம். அந்த 500 ரூபாயை அவரிடம் யாரும் திருப்பிக் கேட்டுவிடாதீர்கள்.

மரத்தின் அடிப்பக்கம் மேல்கரையில், நுனிப்பக்கம் பள்ளிக்கூடக் கரையில். அடியில் ஒரு முழ அகலம் இருக்கும். நுனிக்குப் போகப் போக ஒரு சாண்கூடத் தேறாது. பிள்ளை பள்ளிக்கூடத்தை நெருங்க நெருங்கப் பாதை குறுகிக்கொண்டே போகும். மேல்பக்கத்தைக் கோடாலியால் செதுக்கித் தட்டையாக்கினோம். மீனவர் தெருவிலிருந்து கயிறு வாங்கிவந்து பிடிமானத்துக்குக் கட்டினோம். பெரியவர் உயரத்துக்குக் கட்டினால் ஒன்றாம் வகுப்புக்கு எட்டவில்லை, பிள்ளைகள் உயரத்துக்கு இறக்கினால் பெரியவர்கள் குனிந்து நிலை தடுமாறுகிறார்கள். இப்போது இரண்டு கயிறு கட்டியிருக்கிறோம்.

கீழே வறண்ட தரையாக இருந்தாலும் பரவாயில்லை. முழங்கால் ஆழத்துக்குச் சேறு. அதில் உடைந்த ஓடு, கண்ணாடி, சீமைக்கருவேல முள், புயல் கொண்டுவந்து போட்ட தகரம் என்று என்னென்னவோ கிடக்கின்றன. கடல் ஏறும் நாட்களில் உப்புத்தண்ணீர் எதிரேறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். எது எங்கே கிடக்கிறதென்றே தெரியாது.

காலை எட்டரை மணிக்கு அப்பாமார் இரண்டு பேர் முறைவைத்து அந்தச் சேற்றில் இறங்கி, மரத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவராக நிற்கிறார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக நடப்பார்கள். புத்தகப் பையை முதலில் கைமாற்றி அனுப்பிவிட வேண்டும், பை கனத்தில் பிள்ளை சாயும். 58 பேரும் போய்ச்சேர முக்கால் மணி நேரம். சாயங்காலம் மறுபடி முக்கால் மணி நேரம். முறை வந்த நாளில் கூலி வேலைக்குப் போக முடியாது. அப்பா இல்லாத வீட்டில் அம்மா இறங்குகிறாள். அன்றைக்கு நூறு நாள் வேலையில் அவளுக்கு வருகை கிடையாது. மரமும் அப்படியே இருக்குமா? வண்டு துளைத்த ஓட்டைகள் தெரிகின்றன. நடுவில் காலை வைத்தால் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. தூறல் போட்டால் எண்ணெய் தடவியது போல் வழுக்குகிறது.

சத்துணவு முட்டை வண்டி மேல்கரையிலேயே நின்றுவிடுகிறது. சமையல்கார அம்மா முட்டை அட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இந்த மரத்தில்தான் நடக்கிறார். அவருக்கு வயது ஐம்பத்தைந்து. உடைந்த முட்டைகளை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று தங்களிடமே கேட்டுச் சொல்லச் சொன்னார்.

இம்மாதம் 13-ஆம் தேதி அந்தோணியார் திருநாள். பள்ளியில் பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வீட்டில் தம்பிக்கு வேண்டுமென்று தன் ரொட்டியைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தாள். ஒரு கையில் ரொட்டி, அதனால் ஒரு கைதான் கயிற்றில். விழுந்துவிட்டாள். நின்ற அப்பா பிடிக்கப் போய் அவர் காலிலும் தகரம் கிழித்தது. பிள்ளைக்கு வலது மணிக்கட்டு முறிவு, மாவுக்கட்டு போட்டிருக்கிறது. சேற்றிலிருந்து தூக்கும்போதும் ரொட்டியை விடவில்லை. இப்போது இடது கையால் எழுதிப் பழகுகிறாள். பள்ளிக்கூடம் திறந்து பத்தே நாள் ஐயா. இது நடப்பதற்கு மூன்று நாள் முன்புதான் எங்கள் மூன்றாவது மனுவுக்குச் சீல் குத்திக் கொடுத்தார்கள்.

5. சுற்றுப்பாதை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அடுத்த ஊர்ப் பாலம் வழியாக நாலரை கிலோமீட்டர், பாதிக்கு மேல் மண்சாலை, வழியில் ஒரு சுடுகாடு, பேருந்து கிடையாது. ஐந்து வயதுப் பிள்ளை போக நாலரை, வர நாலரை நடக்குமா? திறப்புவிழாவுக்கு வந்த விருந்தினர் வண்டிகளெல்லாம் அந்தப் பாதையில்தான் வந்தன. அதனால்தான் அலுவலர்கள் ஒருவர் கண்ணிலும் எங்கள் தென்னைமரம் படவில்லை. நெய்ச்சோறு சாப்பிட்டு, பிள்ளைகளின் ஆட்டம் பார்த்து, மனதார வாழ்த்திவிட்டு வந்த வழியே போய்விட்டார்கள். மணி அடித்த சந்தோஷத்தில் நாங்களும் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டாமல் விட்டுவிட்டோம். அது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறோம்.

6. இப்போதே செய்தால்தான் உண்டு. வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கும் மேட்டூர் அணை இந்த ஆண்டு தண்ணீர் இல்லாமல் திறக்கப்படவில்லை. விவசாயியாக அதற்கு வருத்தப்படும் நாங்களே, பிள்ளை பெற்றவர்களாக, வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் அடித்தளம் போட்டுவிட மாட்டார்களா என்றும் நினைக்கிறோம். எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது. அணை திறந்து வயல்களின் வடிகால் இங்கே வர ஆரம்பித்துவிட்டால், தண்ணீரில் எப்படி வேலை செய்வது என்பார்கள். அப்புறம் ஐப்பசி மழை. அப்புறம் தை. அதற்குள் அந்த மரம் உளுத்து விழுந்துவிடும், மரத்தின்மேல் யார் இருக்கிறார்களோ அவர்களோடு. இன்னொன்றும் உண்டு. உதவி பெறும் பள்ளிக்கு ஆகஸ்ட் 1-ஆம் தேதிப் பிள்ளைகள் கணக்கைப் பார்த்துத்தான் ஆசிரியர் பணியிடம். பயந்துபோய் நான்கு வீட்டார் மாற்றுச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. புயல் எடுத்த பள்ளிக்கூடத்தை நாங்கள் கட்டிக்கொண்டோம். பாலம் இல்லாமல் பிள்ளைகள் குறைந்து அது மூடப்பட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

7. பெரிய பாலம் கேட்கவில்லை. கார் போகவேண்டாம். வாய்க்கால் அகலம் இருபத்துநாலு அடிதான். இரண்டு பக்கமும் பிடிச்சுவரோடு, சைக்கிளும் முட்டை வண்டியும் போகிற அகலத்துக்கு ஒரு சிறுபாலம். அது கட்டும்வரை இரும்புத் தகட்டில் தற்காலிக நடைபாலம். அதுவும் ஆகாதென்றால் அனுமதி மட்டும் எழுத்தில் கொடுங்கள், பலகை நாங்கள் போட்டுக்கொள்கிறோம். அனுமதியில்லாமல் போட்டால் வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வரும் என்கிறார்கள். தென்னைமரத்துக்கு இதுவரை நோட்டீஸ் வரவில்லை.

8. பாலம் ஐயா, பாலம்.

பள்ளிக்கூடம் திறக்கட்டும், பார்க்கலாம் என்றீர்கள். தாங்கள் சொல்லவில்லை, தங்களுக்குக் கீழே இருப்பவர்கள் சொன்னார்கள். திறந்துவிட்டோம். ஆகவே ஐயா அவர்கள் கருணைகூர்ந்து, வாய்க்காலைப் பார்க்கும் அலுவலரையும் பாதையைப் பார்க்கும் அலுவலரையும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு அனுப்பி, அந்த இடத்திலேயே யாருடைய வேலை என்று முடிவுசெய்து, நீர் வரும் முன் பாலம் கட்ட உத்தரவிடுமாறு மீண்டும் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பெற்றோர்கள் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் தனித்தாளில். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இடது கையால் போட்ட கையெழுத்தும் அதில் இருக்கிறது. நாங்கள் போடச் சொல்லவில்லை, அவளே கேட்டு வாங்கிப் போட்டாள்.)

இணைப்பு: ஒப்புகைச் சீட்டு நகல் மூன்று, தென்னைமரத்தின் புகைப்படம் இரண்டு.

குறிப்பு: பார்வையிட வரும் அலுவலர்கள் தயவுசெய்து சுற்றுப்பாதையில் வரவேண்டாம். பள்ளி வேலைநாளில், காலை எட்டரைக்கு, மேல்கரையில் மாதா கோயில் பக்கமாக வந்தால் போதும். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு எங்களோடு அந்தக் கரைக்கு நடந்து வரலாம். கைப்பையை முதலில் கொடுத்துவிட வேண்டும்.