ரேஸ்கோர்ஸில் இருந்து பறந்தவர்கள்

ஆசிரியருக்கு,

1942 ஏப்ரலில் ஜப்பானியர் இலங்கை மீது குண்டு வீசியது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திருகோணமலைத் துறைமுகம், மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அவை நடந்த அதே ஏப்ரல் 9 அன்று கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் இருந்து எழுந்த பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிரிட்டிஷ் விமானப்படையின் 11ஆவது பிரிவைச் சேர்ந்த 9 விமானங்கள், காவலுக்கு ஒரு சண்டை விமானமும் இல்லாமல், ஜப்பானியக் கப்பற்படையைத் தேடிப் போய்த் தாக்கின. ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பலான அகாகிக்குப் பக்கத்தில் குண்டுகள் விழுந்தன, கப்பல் தப்பியது. ஐந்து விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. ஒவ்வொன்றிலும் மூன்று பேர்! கப்பல்களுக்குக் கொடுக்கும் இடத்தை இவர்களுக்கும் கொடுத்தால்தான் அந்த நாளின் கதை முழுமையாகும்.

சென்ற ஆண்டு பேரனுடன் ரேஸ்கோர்ஸ் பக்கம் நடந்தபோது, "இது ஒருகாலத்தில் விமானத்தளம், தெரியுமா?" என்று அங்கிருந்த மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கல்லறை இல்லாமல் போன விமானப்படையினரின் பெயர்கள் தொலைவில், சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தில்தான் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பெயர்களோடு, அன்று காலை நடந்ததை மூன்று மொழிகளிலும் சொல்லும் பலகை ஒன்றை, நடப்பவர் கண்ணில் படும்படி ரேஸ்கோர்ஸில் மாநகர சபை வைக்க வேண்டும்.

- ஒரு வாசகர், வெள்ளவத்தை