புற்றரைக்கு ஊற்றும் நீருக்கு ஒரு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

முதல் நாள் மாலை மழை கொட்டித் தீர்த்திருக்க, மறுநாள் காலையில் றப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு புற்றரைக்கு நீர் பாய்ச்சுவோரை வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் சாதாரணமாகக் காணலாம். எவ்வளவு நீர் தேவை என்பதைப் பள்ளிக்கூடக் கணக்கறிவு கொண்டே அறியலாம் என்பதால் இதனை எழுதுகிறேன்.

வெயில் எறிக்கும் நாளொன்றில் கொழும்புப் புற்றரை இழக்கும் நீர் ஏறத்தாழ 3 முதல் 4 மில்லிமீற்றர். வாரத்துக்கு 25 மில்லிமீற்றர் என்று கொள்ளலாம். சதுர மீற்றர் ஒன்றின் மீது ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்கு நிற்கும் நீர் சரியாக ஒரு லீற்றர். ஒரு பேர்ச் நிலமோ ஏறத்தாழ 25 சதுர மீற்றர். ஆகவே இரண்டு பேர்ச் புற்றரைக்கு, மழையே இல்லாத வாரத்தில் வேண்டியது சுமார் 1,250 லீற்றர், அதாவது நீர்ப் பட்டியலில் ஒன்றேகால் அலகு. இனி, 10 லீற்றர் வாளியொன்று 40 செக்கனில் நிரம்புமாயின் குழாயின் வேகம் நிமிடத்துக்கு 15 லீற்றர். அதைத் தினமும் அரை மணி நேரம் திறந்து விடுபவர் வாரத்தில் 3,150 லீற்றர் ஊற்றுகிறார். இது தேவையைப் போல் இரண்டரை மடங்கு. கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் அறவிடப்படுவதால், அந்த மேலதிக அலகுகள் விலை கூடிய படியிலேயே போய் விழும்.

சுழல் தெளிப்பான் வைத்திருப்போர், ஒரே அளவான வெற்று மீன் பேணிகள் ஐந்தாறைப் புல்லின் மீது ஆங்காங்கே வைத்து, கால் மணி நேரம் ஓடவிட்டு, உள்ளே நிற்கும் நீரை அடிமட்டத்தால் அளந்து பார்க்கட்டும். நடுவில் 8 மில்லிமீற்றரும் மதிலோரத்தில் 3 மில்லிமீற்றரும் நின்றால், மூலைப்புல் மட்டும் ஏன் கருகுகிறது என்பது விளங்கிவிடும். (அளந்ததும் பேணிகளைக் கவிழ்த்துவிடுங்கள், டெங்கு நுளம்புக்கு அவ்வளவு நீரே போதும்.)

மண்ணையும் பார்க்க வேண்டும். கடற்கரையோர மணலில் நீர் விரைவாகக் கீழிறங்கிவிடுவதால், வார அளவை மூன்றாகப் பிரித்து விடுவது நல்லது. செம்மண் கொட்டி நிரப்பி இறுக்கிய காணிகளிலோ, மண் உறிஞ்சுவதற்கு முன்பே நீர் வடிகானுக்கு ஓடிவிடும் என்பதால், பத்து நிமிடம் விட்டு, நிறுத்தி, மீண்டும் விட வேண்டும். மரநிழலில் தேவை இன்னும் குறைவு. மிதித்த இடத்தில் புல் நிமிராமல் காலடித் தடம் அப்படியே கிடந்தால் நீர் விடலாம். நிமிர்ந்துவிட்டால் ஒரு நாள் பொறுக்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய தொகை மழைதான். சராசரியாகப் பார்த்தால் கொழும்பில் 100 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெய்யும் மாதங்கள் ஜனவரியும் பெப்ரவரியுமே. மே, ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் அது 300 ஐத் தாண்டும். ஒரே இரவில் 80 மில்லிமீற்றர் பெய்தால் பெரும்பகுதி வழிந்தோடிவிடும் என்பது உண்மையே. ஆயினும் அடுத்த சில நாட்களுக்குக் குழாயைத் தொட வேண்டியதில்லை. களனி கங்கையின் நீரோட்டம் குறைந்து, கடலின் உவர்நீர் அம்பத்தளைச் சுத்திகரிப்பு நிலையத்தை நோக்கி ஏறுவதும் வரண்ட மாதங்களிலேயே என்பதால், புல் தாகம் கொள்ளும் காலத்தில்தான் குடிநீருக்கும் நெருக்கடி வருகிறது. அக்காலத்தில் அளவோடு விடுவதற்கு, முந்திய வாரம் எவ்வளவு பெய்தது என்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வளிமண்டலவியல் திணைக்களம் மழைவீழ்ச்சியை மில்லிமீற்றரில் வெளியிட்டு வருகிறது. தங்கள் பத்திரிகையின் வானிலைப் பகுதியில், நாளை மழை பெய்யுமா என்பதோடு, கடந்த ஏழு நாட்களில் கொழும்பில் பெய்த மொத்த மழையையும் ஒரு வரியில் அச்சிட்டால், வாசகர் 25 இலிருந்து அதனைக் கழித்து மிகுதியை மட்டும் ஊற்றிக்கொள்வர். ஞாயிறு இதழில் மட்டும் வெளியிட்டாலும் போதுமானது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.