அந்தப் படத்தில் இருப்பவர் என் கணவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களாகத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றி வருகிறது. சக்கர நாற்காலியில் தலை சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவர். அடியில் ‘சளிக்காய்ச்சல் ஊசி போட்டதால் கைகால் விழுந்த நம்மவர், உடனே பகிருங்கள்’ என்ற வாசகம். அந்த முதியவர் என் கணவர். மருத்துவமனைக்குப் பார்க்க வந்த சொந்தக்காரர் யாரோ எடுத்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்களின் கைப்பேசிவரை அது வந்துவிட்டது. இனியும் நான் வாயை மூடிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

என் கணவர் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். எழுபதைத் தாண்டிவிட்டார், பல ஆண்டுகளாக இனிப்புநீர். வழக்கம்போல் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டார். அதே வாரம் ஒரு கல்யாண விருந்தில் சாப்பிட்டுவிட்டு வந்து வயிற்றுப்போக்கால் படாதபாடு பட்டார். அது தணிந்து சில நாள் ஆன பிறகு உள்ளங்கால் மரத்துப்போகிறது என்றார். மருந்தகத்தில், இனிப்புநீர்க்காரர்களுக்கு இது சகஜம் என்று நரம்புக்கு வைட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் மின்தூக்கியிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்து நின்றவரின் இடது காலில் செருப்பு இல்லை. அது தாழ்வாரத்தில் கழன்று கிடந்தது. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. அன்றிரவு நாற்காலியைவிட்டு எழ முடியவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் ஓர் இளம் மருத்துவர் சின்னச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் துள்ளவில்லை. மற்றதையும் தட்டினார். அதுவும் அப்படியே இருந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அவருக்கு வந்தது கில்லன் பாரே என்று ஒரு நோய். கிருமியை அடிக்கக் கிளம்பிய நம் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் நம் நரம்புகளின் மேலுறையையே அடித்துவிடுகிறது. பலவீனம் பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். மூச்சுத் தசைகளை எட்டிவிட்டால் செயற்கைச் சுவாசக் கருவிதான். அதைக் கண்காணிக்கத் தாதியர் அவரை ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார்கள். அவர் தமிழில்தான் எண்ணினார். காலையில் இருபதைத் தாண்டியவர், இரவில் பன்னிரண்டிலேயே நின்றுவிட்டார். பிலிப்பீன்ஸ் தாதி ஒருவர் எங்கே நின்றார் என்று என்னைப் பார்ப்பார். நான் விரல்களைக் காட்டுவேன். ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை இரத்தக் குழாய் வழியாக ஏற்றினார்கள். கருவி தேவைப்படவில்லை. இப்போது ஊன்றுகோலுடன் ஈரச்சந்தைவரை போய் வருகிறார்.

எதனால் வந்தது? நரம்பியல் மருத்துவர் மழுப்பவில்லை. “ஊசியாகவும் இருக்கலாம், வயிற்றுக் கிருமியாகவும் இருக்கலாம். தனி ஒருவர் விஷயத்தில் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது” என்றார். சரியாக வேகாத கோழியிறைச்சி வழியாகப் பரவும் கேம்பிலோபேக்டர் கிருமிதான் இந்த நோயை அதிகம் தூண்டுவதாக அறியப்பட்டது என்றும் சொன்னார். ஆனால் எங்கள் உறவினர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஊசியையே பிடித்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டுக் கோழியைக் குறை சொன்னால் சம்பந்தி வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது? ஊசிக்குச் சம்பந்தி கிடையாது.

2025 தொடக்கத்தில் புனேயில் பலருக்கு இந்த நோய் வந்ததை உங்கள் வாசகர்கள் படித்திருப்பார்கள். அங்கே சந்தேகம் விழுந்தது குடிநீர்மேல். ஊசியால் வருவதே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. 1976இல் அமெரிக்காவில் பன்றிக்காய்ச்சலுக்குப் பயந்து ஏறத்தாழ 45 மில்லியன் பேருக்கு ஊசி போட்டார்கள். இந்த நோய் தலைகாட்டத் தொடங்கியதும் அந்த டிசம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். பிறகு கணக்குப் பார்த்ததில், ஊசி போட்டுக்கொண்டவர்களில் 100,000 பேருக்குச் சுமார் ஒருவர் வீதம் கூடுதலாக நோய் கண்டிருந்தது. இப்போதைய சளிக்காய்ச்சல் ஊசியில், கூடுதல் என்று ஒன்று இருந்தால் அது ஒரு மில்லியன் ஊசிக்கு ஒன்று, இரண்டு பேர். சளிக்காய்ச்சலே வந்து படுத்தால் அதைவிட அதிக ஆபத்து. இதெல்லாம் தாதியாக வேலை பார்க்கும் என் மருமகள் எடுத்துக் கொடுத்து நான் படித்தது.

படம் அனுப்புகிறவர்கள்மேல் எனக்கு எவ்வளவு கோபமோ, அதில் பாதியாவது எதிர்த்தரப்பின்மேலும் உண்டு. முதியோருக்கான தடுப்பூசி விளக்கக் கூட்டம் ஒன்றில் எழுந்து இந்த நோயைப் பற்றிக் கேட்டேன். ஏற்பாட்டாளர் ஒருவர் அருகில் வந்து, “வந்திருக்கிறவர்களைப் பயமுறுத்தாதீர்கள் அம்மா” என்று காதோடு சொன்னார். யாரை நான் பயமுறுத்தினேன்? கொவிட்-19 தடுப்பூசியால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று நம் சிங்கப்பூர் அரசாங்கமே நிதியுதவித் திட்டம் வைத்தது. நிரந்தரமான கடும் உடற்குறை ஏற்பட்டால் 225,000 வெள்ளிவரை தருவதாகப் பகிரங்கமாக அறிவித்தது. அரசாங்கம் பேசத் தயங்காத ஒன்றைப் பேசக் கூட்டத்தில் ஏன் தயக்கம்?

நான் கேட்பது பெரிதல்ல. ஊசி போட்ட பிறகு எங்களுக்குக் கொடுத்த தாளில் கைவலி வரும், காய்ச்சல் வரும், பாரசிட்டமோல் சாப்பிடுங்கள் என்று இருந்தது. அதற்குக் கீழே தமிழில் இன்னும் இரண்டு வரி சேர்க்கட்டும்: அடுத்த சில வாரங்களில் இரண்டு கால்களும் மரத்து, வலுவிழந்து, அது மேலே ஏறினால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், ஊசி போட்டதையும் அண்மையில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். நம் சமூகத்தில் இனிப்புநீர் இல்லாத வீடு அபூர்வம். கால் மரத்தால் சர்க்கரைதான் என்று நாமும் முடித்துவிடுகிறோம், மருந்தகத்திலும் முடித்துவிடுகிறார்கள். சர்க்கரையால் வரும் மரப்பு பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வரும். இது சில நாள்களில் ஆளைச் சாய்த்துவிடும்.

நான் இவ்வாண்டும் சளிக்காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டேன். என் கணவர் போடவில்லை. ஊசிக்குப் பின் ஆறு வாரங்களுக்குள் இந்த நோய் வந்தவர்கள் மறுபடி போடுவதற்குமுன் மருத்துவரிடம் கலந்து பேச வேண்டுமாம். அடுத்த மாதம் அவரைப் பார்க்கும்போது பேசி முடிவெடுப்போம். அந்தப் படம் யாருடைய கைப்பேசியில் இருந்தாலும் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

செ. விசாலாட்சி
ஈசூன்