ஆகஸ்டில் அனுப்பாதீர்கள், பிப்ரவரியில் அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு சுற்றுலாப் பக்கத்தில் தென் பிரான்ஸின் மத்தியதரைக் கடற்கரை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகு. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் போவதுதான் நல்லது, நேராகக் கலாங்க் பாறைக்குடாக்களுக்குப் போய்க் குளித்துவிட்டு வாருங்கள் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். என் மகள் அந்தக் குடாக்களை ஒட்டிய துறைமுக நகரமான மார்செயில் குடியிருக்கிறாள். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கு மார்செய் புதிய பெயரில்லை. என் தாத்தா காலத்தில் கப்பலேறிப் போனவர்கள் முதலில் கால் வைத்த ஊர் அது.

2019 ஆகஸ்டில் நானும் என் மனைவியும் கலாங்க் குடாக்களில் ஒன்றான சுஜிதோனுக்கு நடந்து போனோம். லுமினி பல்கலைக்கழக வளாகத்திலிருந்து ஒரு மணி நேர இறக்கம். கீழே போனால் துண்டு விரிக்க இடமில்லை. கையில் இருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது, அங்கே குழாயும் கிடையாது, கடையும் கிடையாது. எல்லாமே சுண்ணாம்புப் பாறை, பெய்கிற மழையும் உள்ளே இறங்கிவிடும். திரும்பி ஏறும்போது மனைவிக்குத் தலை சுற்றி, பாதையோரப் பைன் மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார வேண்டியதாயிற்று. அப்போதுதான் அந்த மரத்தைச் சரியாகப் பார்த்தேன். வேர்கள் எல்லாம் வெளியே தெரிந்தன. கால்கள் மிதித்து மிதித்து மண் போய்விட்டிருந்தது, அங்கே மண்ணே கொஞ்சம்தான்.

அந்தக் குடாவுக்கு உச்ச நாட்களில் 2,500 பேர் வரை வந்துகொண்டிருந்தார்கள். 2012-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் இது. 2022 முதல் கோடையில் ஒரு நாளைக்கு 400 பேருக்குத்தான் அனுமதி. முன்பதிவு இலவசம், ஆனால் பதிவு இல்லாமல் போனால் 68 யூரோ அபராதம். அப்புறம் காட்டுத்தீ. ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை காற்றையும் வறட்சியையும் பார்த்து மலைப்பகுதியைத் திறப்பதா மூடுவதா என்று முதல் நாள் மாலையில்தான் அறிவிப்பார்கள். ஊரிலிருந்து லட்சக்கணக்கில் செலவழித்துப் போகிறவர் அன்று காலை பாதை மூடியிருப்பதைப் பார்த்தால் என்ன செய்வார்? கட்டுரையில் இதில் ஒரு வரிகூட இல்லை. ஆகஸ்ட் என்றால் கடல் வெதுவெதுப்பாக இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. மிஸ்த்ரால் என்ற வடமேற்குக் காற்று பலமாக அடித்தால் மேல்நீரைக் கடலுக்குள் தள்ளிவிடும், அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்துவிடும்.

இரண்டாம் முறை 2023 பிப்ரவரியில் போனோம். குளிர்தான், ஆனால் வெயில் தெளிவாக இருந்தது, பாதை எல்லாம் திறந்திருந்தது. மார்செய்க்குக் கிழக்கே உள்ள கசி என்ற ஊரிலிருந்து (எழுத்தில் கடைசியில் 'ஸ்' உண்டு, ஊர்க்காரர்கள் அதை உச்சரிப்பதில்லை, உங்கள் கட்டுரையில் 'காசிஸ்' என்று வந்திருக்கிறது) போர்-மியூ, போர்-பேன் குடாக்கள் வரை மெதுவாக நடந்தோம். எதிரே 394 மீட்டர் உயரத்துக்குக் காப் கனாய் பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. இந்தக் குடாக்கள் ஒரு காலத்தில் நிலத்தில் இருந்த பள்ளத்தாக்குகள். பனியுகத்தில் கடல் இன்றைக்கு இருப்பதைவிட சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பனி உருகிக் கடல் ஏறியபோது அவற்றின் அடிப்பகுதி மூழ்கியது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த நீலமே வேறாகத் தெரிகிறது. மோர்ஜியூ முனைக்குப் பக்கத்தில் 37 மீட்டர் ஆழத்தில் வாசல் உள்ள ஒரு குகையை ஆன்றி கொஸ்கே என்ற முக்குளிப்பவர் 1985-ல் கண்டுபிடித்தார். உள்ளே பனியுக மனிதர்கள் தீட்டிய குதிரைகள், கை அச்சுகள், உலகிலிருந்தே அழிந்துபோன பெரிய ஆக் பறவைகள். அதன் மாதிரியை 2022-ல் மார்செய் துறைமுக ஓரத்தில் திறந்திருக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்களும் பார்க்கலாம்.

எனக்குப் பெரிய வருத்தம், கட்டுரையில் மீனவர்களே இல்லை என்பது. மார்செய் பழைய துறைமுகத்துக்குக் காலை எட்டு மணிக்குப் போங்கள். கரையிலேயே தொட்டிகளை வைத்து, துடிக்கிற மீனைப் படகுக்காரக் குடும்பங்களே விற்கிறார்கள். முள் நிறைந்த ராஸ்காஸ் என்ற பாறைமீன் இருக்கிறதே, புய்யாபேஸ் குழம்புக்கு அதுதான் உயிர். விலை போகாத பாறைமீன்களை மீனவர்கள் தங்களுக்காகக் கொதிக்க வைத்த குழம்பு அது, இன்றைக்கு விலை உயர்ந்த உணவகச் சாப்பாடாகிவிட்டது. புருதோமி என்று ஒரு சபை இருக்கிறது. மீனவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பது. யார் எங்கே வலை போடலாம் என்பதையும், தகராறு வந்தால் அதையும் அதுவே தீர்க்கும். மார்செயில் இது 15-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. எங்கள் கடற்கரைக் குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. அதே மீனவர்கள், கசிக்கு எதிரே ஆழ்கடலில் ஓர் அலுமினா ஆலையின் செஞ்சேற்றுக் கழிவு 1960-கள் முதல் 2015 கடைசி வரை குழாய் வழியாகக் கொட்டப்பட்டதை எதிர்த்தவர்கள். படத்தில் இருக்கிற கடலுக்கு இந்தக் கதையும் உண்டு, அதையும் நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும்.

சந்தைக்கு மார்செய்க்குப் பக்கத்து ஊரான ஓபாஞ் போகலாம், செவ்வாய்க்கிழமை பெரிய சந்தை. ஆலிவ், ஆட்டுப்பால் சீஸ், தைம் கட்டுகள். அந்த ஊர் களிமண் வேலைக்குப் பெயர் போனது. கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற சாந்தோன் பொம்மைகளை அங்கே செய்கிறார்கள். மீன் விற்கிற பெண், பூண்டு விற்கிற பெண், விறகு சுமக்கிற கிழவர் என்று ஊரே குடிலுக்குள் இருக்கும். நாங்கள் மீன்காரப் பெண்ணை வாங்கி வந்தோம்.

கட்டுரையாளர் மறுபடி எழுதுவதானால், பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மார்செய்க்கு மேற்கே உள்ள கடற்கரை ஊரான காரி-லெ-ரூவேக்குப் போய் வரச் சொல்லுங்கள். அந்த மாதம் அங்கே கடல் முள்ளெலித் திருவிழா (உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளோடு இருக்கும் சிறு கடல் உயிரி அது). பச்சையாக உடைத்து, ரொட்டியோடு துறைமுகத்திலேயே சாப்பிடுவார்கள். அங்கே போகிற, 1915-ல் திறந்த ரயில் பாதை குடாக்களின் மேலே பாலம் பாலமாகப் போகிறது. மார்செயில் ஏறினால் இடது பக்க ஜன்னலில் உட்கார வேண்டும், கடல் அந்தப் பக்கம்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுச்சேரி.