எல்லாமே பச்சை

ரோஸ் ஹில்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள கண்ணா,

உன் ரிஸ்க் ரெஜிஸ்டரை, அதான் கட்டட வேலையில் என்னென்ன தப்பாகலாம் என்று நீ எழுதிவைக்கும் பட்டியலை, பார்த்தேன். தங்கச்சியைத் திட்டாதே, அவள் போனை நான்தான் பிடுங்கினேன். பதினான்கு வரி. ஆறு வாரமாகப் பதினான்கும் பச்சை, ஒன்றிலும் ஆபத்தே இல்லையாம். உன் வயதில் எனக்கு இவ்வளவு சுத்தமாகக் கட்டம் போடத் தெரியாது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் மூன்றாவது வரியில் “சைக்ளோன் வரலாம்” என்று எழுதியிருக்கிறாயே, அதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? மொரீஷியஸில் அது பால்காரருக்கும் தெரியும். காரணம், நடக்கக்கூடியது, விளைவு மூன்றையும் எழுது: மே நடுவரை புயல் காலம், கூரைத் தகடு பாதி பொருத்தியிருக்கும்போது காற்று அடித்தால் பறந்துவிடும், மாற்றுத் தகடு கப்பலில் வரும்வரை உள்வேலை எல்லாம் நிற்கும். ஐந்துக்கு வாய்ப்பு 3, பாதிப்பு 5, பெருக்கினால் 25க்கு 15. அது எப்படியப்பா பச்சையாகும்?

எப்போது கை வைப்பது என்றும் எழுது. புயலுக்கு முதல் எச்சரிக்கையான க்ளாஸ் 1 வந்ததுமே தகடுகளை இறுக்கிக் கட்டு, தளர்ந்த பலகைகளை இறக்கு. டவர் க்ரேனை நிறுத்தும்போது சுழற்சி பிரேக்கை விடுவித்தார்களா என்று ஒரு ஆள் பார்க்க வேண்டும். க்ரேனின் கை காற்றோடு திரும்பாமல் பூட்டிக்கிடந்தால் மொத்தமும் சாயும். புயல் நெருங்கி க்ளாஸ் 3 வரட்டும் என்று இருந்தால் செய்ய ஆளே இருக்க மாட்டார்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்த அன்று போர்ட் லூயியில் கார்கள் மிதந்ததை நீயும்தான் பார்த்தாய்.

பொறுப்பாளர் கட்டத்தில் “டீம்” என்று போட்டிருக்கிறாய். டீம் என்று யாரும் சைட்டுக்கு வருவதில்லை. ஒரே ஆள், ஒரே தேதி.

பணத்துக்கு வா. 10 லட்சம் நஷ்டம், 30 சதவீத வாய்ப்பு என்றால் 3 லட்சம் ஒதுக்குகிறாய், சரி. நடந்துவிட்டால் அந்த 3 லட்சம் போதாது. எல்லா வரிக்கும் ஒதுக்கியது ஒரே பையில் இருந்தால்தான் தாங்கும். வரிக்கு வரி பூட்டி வைக்காதே.

ஒன்பதாவது வரிதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. “லிப்ட் தாமதமாகலாம்.” பக்கத்துக் கட்டத்தில் நீயே போட்ட தேதி போய் மூன்று வாரம் ஆகிறது. இனி என்ன ‘லாம்’? அது ரிஸ்க் இல்லை, இஷ்யூ, நடந்தேவிட்ட பிரச்சினை. அந்த வரியை மூடி, இஷ்யூ பட்டியலில் புது எண் போட்டு, பழைய எண்ணைப் பக்கத்தில் குறி. வாய்ப்பைக் கணக்குப் போடும் வேலை முடிந்துபோயிற்று. யார், என்ன முடிவு எடுக்க வேண்டும், எந்தத் தேதிக்குள், அதற்குள் ஆகாவிட்டால் மேலே யாரிடம் போகும். ஒரே ஆள், ஒரே தேதி, மறக்காதே.

நீ இருக்கிற கிராண்ட் பே என்ன சீமையிலா இருக்கிறது? காவடிக்கும் வரவில்லை. போன் பண்ணினால் “எல்லாம் ஓகேம்மா.” அதுவும் பச்சைதான்.

ஸ்கூல் சர்டிபிகேட் பரீட்சையில் வாங்கிய கணக்கு மார்க்கை நீயாகத்தான் வந்து சொன்னாய். பெரியப்பா வீட்டார் முன்னால் வைத்து நான் பேசிய பேச்சு உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. சிவப்பு போட்டவனை மீட்டிங்கில் வைத்துத் திட்டினால் அடுத்த வாரம் எல்லாரும் பச்சை போடுவார்கள் என்று சைட்டில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் நானே அதைத்தான் செய்தேன். அதற்கப்புறம் நீ எதையும் நேராக வந்து சொன்னதே இல்லை.

திங்கள்கிழமை மீட்டிங்குக்கு முன்னால் ஒன்பதாவது வரியை மாற்றிவிடு. அவர்கள் கத்தினால் கத்தட்டும்.

அச்சார் கொடுத்தனுப்பியிருக்கிறேன், மிளகாய் குறைவுதான். போத்தலைத் தங்கச்சியிடம் கொடுத்துவிடாதே, நீயே கொண்டு வா.

அம்மா