கவலை இருக்காது என்ற பதில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவக் கேள்வி பதிலில், மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கப்போகும் வாசகி ஒருவர், மாதவிலக்கு என்னாகும் என்று கேட்டிருந்தார். வயது 31, இன்னும் திருமணம் ஆகவில்லை என்றும் எழுதியிருந்தார். 'மாதவிலக்கு நின்றுவிடும், கருத்தரிக்கும் கவலையும் இருக்காது' என்று பதில். ஒன்றரை வரி. அதே பக்கத்தில் ரவா கேசரிக்கு இருபது வரி.

எல்லோருக்கும் ஒரேயடியாக நின்றுவிடுவதில்லை, ஐயா. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அப்படியே நின்றுபோக வாய்ப்பு அதிகம். முப்பதை ஒட்டிய வயதில் பலருக்குத் திரும்பி வரும். ஆறு மாதமும் ஆகலாம், ஒன்றிரண்டு வருடமும் ஆகலாம். எந்த மருந்து, எவ்வளவு என்பதும் முக்கியம். சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்து சினைப்பையில் இருக்கும் முட்டைகளையே அழிக்கும். உங்கள் டாக்டருக்குத் தெரியாதா இது? உங்களுக்கே தெரிந்திருக்கும்.

எனக்கு 39 வயதில் கீமோ. இரண்டாவது தடவை அந்தச் சிவப்பு மருந்து ஏறியபின் நின்றது. மாமியாருக்குச் சந்தோஷம். 'இனிமேல் எந்த நாளும் கோயிலுக்குப் போகலாம்' என்றார். மார்கழிக் குளிரில் நடுராத்திரி உடம்பு கொதித்து, நைட்டி முதுகோடு ஒட்டி, ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாது. பீரோவில் மிச்சமிருந்த நாப்கின் பாக்கெட்டைத் தங்கை மகளிடம் கொடுத்துவிட்டேன். கடைசிக் கீமோ முடிந்து பதினோரு மாதம் கழித்து, ஒரு வளைகாப்பு வீட்டுப் பந்தியில், சாம்பார் ஊற்றும்போது வந்தது. திரும்பி வரும் என்று யாரும் சொல்லாததால் நோய் கர்ப்பப்பைக்கும் பரவிவிட்டது என்றே நினைத்தேன். இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

யாரும் சொல்லவில்லை என்பது தப்பு. ஆரம்பத்திலேயே டாக்டர் பேசினார், என் கணவரிடம். 'சார், உங்களுக்கு இனிமேல் குழந்தை வேண்டாம்தானே?' அவர் 'வேண்டாம்' என்றார். நான் அடுத்த நாற்காலியில்தான் இருந்தேன்.

என் பக்கத்துக் கட்டிலில் கீமோ எடுத்த பெண், நின்றுவிட்டதே என்று நம்பி இருந்தவள், நோய் திரும்பாமலிருக்கக் கொடுக்கும் டமாக்சிஃபன் மாத்திரை சாப்பிடும்போதே கர்ப்பமானாள். அந்த மாத்திரை கருவுக்கு ஆகாது. மாதவிலக்கு வராவிட்டாலும் முட்டை வரலாம். காப்பர் டி, ஆணுறை என்று ஹார்மோன் இல்லாத ஏதாவது ஒன்று வேண்டும். 'கவலை இருக்காது' என்று அவளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

அக்டோபர் வந்தால் உங்கள் அட்டையில் ரோஸ் ரிப்பன் வந்துவிடும். தொடர்கதையில் கீமோ எடுக்கும் நாயகி தலையில் ஸ்கார்ஃப் கட்டி அழகாகச் செத்துப்போவாள். மூன்று வருடம் முன்பு நான் இதையே எழுதியபோது, 'மாதவிலக்கு' என்று இருந்த இடத்திலெல்லாம் 'பெண்களுக்கே உரிய சிரமங்கள்' என்று திருத்தி நாலு வரியில் போட்டீர்கள். அதற்கு நன்றி.

சரி, நான் கேட்பது இதுதான். அந்தப் பெண்ணுக்கு இன்னும் கீமோ ஆரம்பிக்காமல் இருக்கலாம். அதற்கு முன்பே கருமுட்டையை எடுத்து உறைய வைக்க முடியும், பெரும்பாலும் இரண்டு வாரம் போதும். சினைப்பையைக் காக்க மாதம் ஒரு கோசரலின் ஊசியும் உண்டு. அதையும் முதல் கீமோவுக்கு முன்பே தொடங்க வேண்டும். இந்த இரண்டையும் டாக்டரிடம் உடனே கேட்கச் சொல்லி, அடுத்த இதழிலேயே போடுங்கள். இடம் இல்லையென்றால் என் கடிதத்தில் மற்றதையெல்லாம் வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி